மண்சரிவுச் செய்திக்குக் கேட்கிற கேள்வியை ஊசிச் செய்திக்கும் கேளுங்கள்

நீலகிரியில் ஊர் வாட்ஸ்அப் குழுக்களை நடத்துகிற அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஹட்டிகள் என்கிற படகர் ஊர்களிலும், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற எஸ்டேட் லைன்களிலும் தோளில் ஊசி கேரியரை மாட்டிக்கொண்டு நடந்தவள். உங்களில் சிலருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது முத்தடுப்பு ஊசி போட்டவள் நானாகவும் இருக்கலாம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் குழுக்கள் இந்த மலைக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். மரப்பாலத்தில் மண் சரிந்திருக்கிறது, பர்லியாரில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், கட்டபெட்டு தேயிலைத் தோட்டத்தில் கரடி நிற்கிறது, இன்றைக்குப் பச்சை இலை விலை இவ்வளவு, ஆஸ்பத்திரியில் இன்ன வகை ரத்தம் வேண்டும், இன்னார் தவறிவிட்டார், எடுப்பு மூன்று மணிக்கு. எல்லாம் அங்கேதான் முதலில் வருகிறது. மழைக்காலத்தில் அந்தக் குழுவைப் பார்க்காமல் யாரும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். யாராவது மண்சரிவுப் படம் ஒன்றைப் போட்டால் ஐந்து நிமிடத்துக்குள் கேள்வி வந்துவிடும். எந்த வளைவு? எப்ப எடுத்தது? நீ நேர்ல பார்த்தியா, யாராவது அனுப்பினதா? பழைய படம் என்று தெரிந்தால் நிர்வாகியே எடுத்துவிட்டு, "அது போன வருஷத்துப் படம், ரோடு திறந்துதான் இருக்கு" என்று எழுதுகிறார். 2009 நவம்பர் மழையில் 40-க்கும் மேற்பட்டவர்களை மண்ணுக்குக் கொடுத்த ஊர் இது. மண்சரிவு விஷயத்தில் இங்கே யாரும் விளையாடுவதில்லை.

அதே குழுவில் சில வாரங்களாக ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. அழுதுகொண்டே ஒரு பெண் பேசுகிறார். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஏதோ ஊசி போடுகிறார்களாம், போட்டால் பிற்காலத்தில் குழந்தையே பிறக்காதாம், ஜனத்தொகையைக் குறைக்க வெளிநாட்டுக்காரன் செய்கிற சதியாம், கையெழுத்துப் போட்டுவிடாதீர்களாம். எந்த ஊர் என்று இல்லை. எந்தப் பள்ளி என்று இல்லை. தேதி இல்லை. பேசுகிறவர் யார் என்றும் இல்லை. மேலே இரட்டை அம்புக்குறியோடு "பலமுறை அனுப்பப்பட்டது" என்று வாட்ஸ்அப்பே எழுதிக் காட்டுகிறது. அதற்குக் கீழே ஒரு கேள்விகூட இல்லை, கும்பிடு போட்ட கைகள்தான் வரிசையாக இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பல பெற்றோர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சம்மதப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் அறிவில்லாதவர்கள் இல்லை. காலையில் ரோடு அடைப்பு என்று சொன்ன குழு, சொன்னபடியே அடைத்திருந்தது. சாயங்காலம் அதே குழு ஊசி ஆபத்து என்கிறது. அவர்கள் நம்பியது முகம் தெரியாத அந்தப் பெண்ணை இல்லை. உங்களை நம்பினார்கள். நீங்கள் வருஷக்கணக்காக உண்மை சொல்லிச் சேர்த்த பெயரை, யாரென்றே தெரியாத ஒருவர் கேட்காமல் எடுத்துச் செலவு செய்கிறார். எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

சரி, அந்த ஊசி என்ன ஊசி? கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுப்பது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. நம் நாட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வருகிறது, அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிழைப்பதில்லை. தோட்டத்தில் இலை எடுக்கிற பெண்கள் வெள்ளைபடுதலையும் இடையில் ரத்தம் படுவதையும் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்து, கடைசியில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகும்போது முற்றிப்போயிருக்கும். அப்படிப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் ஊரிலும் யோசித்துப் பாருங்கள், ஒரு முகம் நினைவுக்கு வரும்.

ஊசிக்குள் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் வெளிக்கூட்டைப் போல ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட் போன்றவற்றில் வளர்த்து எடுக்கிறார்கள். உள்ளே மரபுப் பொருள் எதுவும் இல்லாத வெறுங்கூடு. அதைப் பார்த்து உடம்பு எதிர்ப்பைப் பழகிக்கொள்கிறது. இது கருப்பைக்கும் போவதில்லை, கருமுட்டைக்கும் போவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2007-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் போட்ட பிள்ளைகள் இன்றைக்கு முப்பது வயது தாண்டி, பிள்ளை பெற்றுப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுத் தவணை போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் பரவிய நிலையில் வரவில்லை என்று 2024-ல் கணக்கு வெளியிட்டார்கள். நம் நாட்டிலேயே சிக்கிம் 2018-ல் நூற்றுக்கு 97 பிள்ளைகளுக்குப் போட்டு முடித்தது. அதுவும் நம்மைப் போல மலை மாநிலம்தான்.

ஒரு பயத்துக்கு மட்டும் நிஜமான வேர் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இந்த ஊசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டார்கள். கம்மத்தில் பழங்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர். அந்தச் சமயத்தில் ஏழு சிறுமிகள் இறந்துபோனார்கள், 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. விசாரித்தபோது ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கியும், ஒரு பிள்ளை பாம்பு கடித்தும், வேறு பிள்ளைகள் பூச்சிமருந்து, மலேரியா என்று வேறு வேறு காரணங்களாலும் இறந்தது தெரிந்தது. சாவுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் வரவில்லை. ஆனால் வேறொன்று வெளியே வந்தது. பெற்றோரைக் கேட்காமல் பல பிள்ளைகளுக்கு விடுதி வார்டன்களே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது சரிதான். நம் மலையிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பிள்ளையை விட்டிருக்கிற அம்மா "என்னைக் கேட்காமல் போடாதே" என்று சொன்னால் அது வதந்தி இல்லை, அவளுடைய உரிமை. அவளுக்கு அவள் பாஷையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியது சுகாதாரத் துறையின் கடமை. கேள்வி கேட்கிறவரை யாரும் ஏளனம் செய்யக் கூடாது. நான் எதிர்ப்பது கேள்வியை இல்லை, கேள்வியே கேட்க விடாமல் பயமுறுத்துகிற அந்தக் குரல் பதிவைத்தான்.

இன்னொரு விஷயத்துக்கும் உங்களை முன்கூட்டியே தயார்ப்படுத்த வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகளில் சிலர் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவார்கள். எந்த ஊசி என்றாலும் அப்படித்தான். காலையில் சாப்பிடாமல் வந்து, வரிசையில் நின்று, முன்னால் நிற்கிறவள் விழுவதைப் பார்த்தால் அடுத்தவளும் விழுவாள். அதனால்தான் உட்கார வைத்துப் போட்டு, போட்ட பிறகும் அரை மணி நேரம் அங்கேயே வைத்துக்கொள்கிறோம். கொலம்பியா நாட்டில் கார்மென் தே பொலிவார் என்ற ஊரில் 2014-ல் இதே ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுகிற வீடியோ நாடு முழுக்கப் பரவியது. ஆராய்ந்து பார்த்ததில் அது பயத்தால் கூட்டமாக வருகிற மயக்கம், மருந்தால் வந்தது இல்லை என்று தெரிந்தது. ஆனால் வீடியோ ஓடின வேகத்துக்கு அந்த முடிவு ஓடவில்லை. 2016-ல் அந்த நாட்டில் முழுத் தவணையும் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். நம் பள்ளி ஒன்றில் நாளைக்கு ஒரு பிள்ளை மயங்கினால் அந்த வீடியோ முதலில் உங்கள் கைக்குத்தான் வரும். அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாளா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுச் சதி என்கிற பேச்சு குன்னூரில் எப்படி எடுபடுகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் நிற்கிறது. வெறிநாய் கடித்தால் இமயமலைப் பக்கம் கசௌலி வரை போக வேண்டியிருந்த காலத்தில், தென்னிந்தியாவுக்கென்று 1907-ல் தொடங்கினார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு மருந்து நம் ஊரிலேயே தயாராகி நாடு முழுக்கப் போயிருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், உங்கள் சித்தப்பா பெரியப்பாக்கள்.

அந்த இடத்தின் கதையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வயசானவர்களுக்கு நினைவிருக்கும், நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அது ஆட்டு மூளையில் செய்த மருந்து. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. ஆனால் சிலருக்கு நரம்பைத் தாக்கி வாதம் வரவும் செய்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் டாக்டர்கள்தான். வரிசை வரிசையாக நோயாளிகளைக் கணக்கெடுத்து, வெளிப்படையாக எழுதி, அதைவிட நல்ல மருந்தைச் செய்து, 2004 கடைசியோடு இந்தியாவில் அந்தப் பழைய ஊசியை நிறுத்தினார்கள். இன்றைக்குத் தோளில் நாலைந்து ஊசியோடு முடிகிறது.

கொரோனா ஊசியிலும் அதுதான் நடந்தது. கோவிஷீல்டு போட்ட மிகச் சிலருக்கு ரத்தம் உறைகிற பிரச்சினை வரலாம் என்று 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்துவிட்டது. அடுத்த மாதமே நம் சுகாதார அமைச்சகமும் கணக்குச் சொன்னது. பத்து லட்சம் தவணைக்கு ஒன்றுக்கும் குறைவு. 2024-ல், அந்த மருந்தை உருவாக்கிய கம்பெனி இதை இங்கிலாந்து கோர்ட்டில் ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்தபோது, ஏதோ மூன்று வருஷம் மறைத்து வைத்த ரகசியம் வெடித்ததுபோல எல்லாக் குழுக்களிலும் பரப்பினார்கள். ஊசி போட்டுப் பல வருஷம் கழித்து வருகிற வியாதியும் இல்லை அது. போட்ட சில நாட்கள், சில வாரங்களுக்குள் வருவது. அன்றைக்குச் செய்தியைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

நடிகர் விவேக் விஷயத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஏப்ரல் 15 அன்று, மக்கள் தயங்கக் கூடாது என்று அரசு மருத்துவமனைக்கே போய் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி போய்விட்டார். ஊர் ஊராக மரம் நட்ட மனிதர், அவர் சாவைக் காட்டியே ஜனங்களை ஊசியிலிருந்து விரட்டினார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வேதனை. இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று சிகிச்சை செய்த மருத்துவமனை சொன்னது. கொழுப்புப் படிந்து குழாய் குறுகுவது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. மத்திய அரசின் நிபுணர் குழுவும் விசாரித்து, சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அந்த வருஷமே அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை எந்தக் குழுவிலாவது பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

அப்புறம், "சின்ன வயசுப் பையன்கள் திடீர் திடீரென்று சாகிறார்களே" என்பது. இது உண்மையான துக்கம், லேசாகப் பேசக் கூடாது. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரையும், அதே வயது, அதே பகுதியில் உயிரோடிருக்கும் 2,916 பேரையும் ஒப்பிட்டார்கள். 2023-ல் முடிவு வந்தது. ஊசியால் ஆபத்து கூடவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. கொரோனா முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தவர்கள், குடும்பத்தில் ஏற்கெனவே திடீர்ச் சாவு நடந்தவர்கள், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிக் குடித்தவர்கள், அதே இரண்டு நாளில் கடும் உழைப்போ உடற்பயிற்சியோ செய்தவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து கூடியிருந்தது. குடி நம் மலையை எப்படித் தின்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழியை ஊசி மேல் போட்டால் பாட்டில் தப்பித்துவிடுகிறது.

5ஜி டவரால்தான் கொரோனா என்றார்கள். இந்தியாவுக்கு 5ஜி வந்ததே 2022 அக்டோபரில். நம் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்குச் சாதாரண சிக்னலே இல்லாமல் பாறை மேல் ஏறி உட்கார்ந்த காலத்தில்தான் இங்கே கொரோனா உச்சத்தில் இருந்தது. ஊசிக்குள் சிப் என்பதைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஊசி போட்டவர்கள் எல்லாரும் இரண்டு வருஷத்தில் செத்துவிடுவார்கள் என்று, நோபல் பரிசு பெற்ற லூக் மோன்டானியே பெயரில் ஒரு செய்தி 2021 மே மாதம் வந்ததே, அந்தக் கெடு 2023-லேயே முடிந்துவிட்டது. இந்தியாவில் 220 கோடித் தவணை போட்டிருக்கிறோம். அவர் ஊசிகளைக் குறை சொல்லிப் பேசினவர்தான், ஆனால் இந்த வார்த்தையை அவர் சொல்லவேயில்லை. அவர் 2008-ல் வாங்கிய அதே நோபல் பரிசில் பாதி யாருக்குப் போனது தெரியுமா? எச்.பி.வி. வைரஸால்தான் கருப்பை வாய்ப் புற்றுநோய் வருகிறது என்று கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு.

நம் தைலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலையைப் பாத்திரத்தில் அடைத்து, அடியில் தீ போட்டு, ஆவியைக் குழாயில் குளிர வைத்து எடுக்கிற நீலகிரித் தைலம் நம் பெருமை, பல குடும்பங்களுக்குச் சோறு. மூக்கடைப்புக்கு இதம்தான். ஆனால் இரண்டாம் அலையில், கற்பூரம், ஓமம், கிராம்போடு இரண்டு சொட்டுத் தைலம் விட்டு முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று ஒரு செய்தி வந்தது. ஏறாது. மூச்சு வாங்கியவர்களை அதை முகர வைத்து வீட்டிலேயே வைத்திருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தைத் தவறவிட்டார்கள். சளிக்கு நல்லது என்று குழந்தைக்கு வாயில் கொடுப்பது இன்னும் மோசம். கொஞ்சம் உள்ளே போனாலே சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஊசி வேலையில் இருக்கிறவர்கள் எவ்வளவு பயந்து பயந்து வேலை செய்கிறோம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கீழே சமவெளியில் வெயில்தான் பயம், நமக்கு உறைபனியும் பயம். முத்தடுப்பு மருந்தும் இந்தப் பெண் பிள்ளைகளுக்கான மருந்தும் உறைந்துவிட்டால் பலன் போய்விடும். அதனால் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே கேரியரில் வைக்க மாட்டோம். வெளியே மேசை மேல் வைத்துக் காத்திருந்து, காதோரம் குலுக்கிப் பார்ப்போம். உள்ளே தண்ணீர் சளக் என்று ஆடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைப்போம். ஜனவரிக் காலையில் அதற்கு ரொம்ப நேரம் ஆகும், முகாமுக்குத் தாமதமாக வந்ததாகத் திட்டு வாங்குவதும் அதனால்தான். குப்பி மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் உள்சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. முகாமுக்கு வாருங்கள், கேளுங்கள், எந்தச் செவிலியரும் எடுத்துக் காட்டுவார்.

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நாடுகாணி இறங்கினால் மலப்புரம் மாவட்டம். ஊசி மறுப்பு பரவியிருந்த அங்கே 2016-ல் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல்போல ஒரு படலம் வளர்ந்து மூச்சை அடைக்கும் நோய் அது. இன்றைய டாக்டர்களில் பலர் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள். அதற்கு அடுத்த வருஷம் பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டிலேயே தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது, இதே வாட்ஸ்அப் வதந்தியால் பள்ளி வாசலில் பெற்றோர் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

நம்மால் முடியாதது ஒன்றும் இல்லை. 2021-ல் கொரோனா ஊசி போடப் பழங்குடிக் கிராமங்களுக்குப் போனபோது, வண்டிச் சத்தம் கேட்டதும் காட்டுக்குள் போய்விட்டவர்கள் உண்டு. நாங்கள் அதட்டிப் பலனில்லை. அந்த ஊர்ப் பெண்களே, அந்த ஊர் இளைஞர்களே முதலில் போட்டுக்கொண்டு, அவர்கள் பாஷையில் எடுத்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். அந்த ஜூன் கடைசிக்குள் மாவட்டத்தில் 18 வயது தாண்டிய பழங்குடி மக்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் தவணை போட்டு முடித்தோம். சொந்த ஊர்க்காரர் வாயால் வருகிற சொல்லுக்கு அவ்வளவு பலம். அந்தப் பலம் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற போனில் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்தக் குரல் பதிவுக்குக் கீழே இன்றைக்கே எழுதுங்கள்: எந்த ஊர், எந்தப் பள்ளி, என்றைக்கு, பேசுவது யார்? அனுப்பியவரைத் திட்டாதீர்கள், அவரும் பிள்ளை மேல் உள்ள பயத்தில்தான் அனுப்பியிருப்பார். பதில் வராவிட்டால் பதிவை எடுத்துவிடுங்கள். சத்தமில்லாமல் எடுக்காமல், ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி போடுங்கள். மண்சரிவுப் படத்துக்கு அப்படித்தானே செய்கிறீர்கள். சந்தேகம் இருக்கிறவர்கள் 104-க்கு அழைக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையும் கேட்கலாம். பாதிப்பு என்று யாராவது நிஜமாகச் சொன்னால் அதையும் மறைக்காமல் அந்த டாக்டரிடம் கொண்டுபோங்கள், அதைப் பதிவு செய்து விசாரிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கூப்பிட்டால் நானும் வருகிறேன். இலை எடை போட்டு முடிந்த சாயங்காலம் என்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி, சமுதாயக் கூடத்திலோ லைன் வாசலிலோ உட்கார்ந்து பேசலாம். அம்மாக்களை மட்டும் அனுப்பாமல் அப்பாக்களும் வரட்டும், படிவத்தில் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவது அவர்கள்தான். 14 வயதுப் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். ஊசி அவர்களுக்குத்தானே, அவர்கள் கேள்வியை அவர்களே கேட்கட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி வட்டாரம், நீலகிரி